குப்பைத் தொட்டிக்குள் ஒரு வான்கோழி

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். ஊர் பாதிக்கு மேல் அடைத்துக் கிடக்கும், வீட்டுக்கு வீடு வான்கோழி வேகும். அந்த ஒரு பண்டிகைக்கு மட்டும் நாலரைக் கோடிக்கு மேல் வான்கோழிகள் செலவாவதாக அந்நாட்டின் தேசிய வான்கோழிக் கூட்டமைப்பு கணக்குச் சொல்கிறது. பெரும்பாலானவை சமையலறை ஓவனுக்குள் போகும். சில, கொல்லைப்புறத்தில் கவிழ்த்துப் போட்ட குப்பைத் தொட்டிக்குள் போகும்.

விளையாட்டில்லை. கடையில் வாங்கிய புத்தம் புதிய தகரக் குப்பைத் தொட்டிதான் பாத்திரம். தரையில் கனமான அலுமினியத் தாளை விரித்து, நடுவில் ஒரு முளையை அடிப்பார்கள். கழுவிப் பிளந்த பறவை அந்த முளையில் செருகப்பட்டு நிமிர்ந்து உட்காரும். அதன் மேல் 75 லிட்டர் கொள்ளும் தொட்டியைக் கவிழ்த்து, அடியைச் சுற்றிலும் உச்சந்தலையிலும் கனிந்த கரிக்கட்டிகளைக் குவிப்பார்கள். எட்டொன்பது கிலோ கரி பிடிக்கும். இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டியைத் தூக்கினால், தோல் பொன்னிறமாகி, எலும்பைவிட்டுச் சதை கழன்று நிற்கும் பறவை. ஓவனில் நாலு மணி நேரம் ஆகிற வேலை பாதி நேரத்தில் முடிகிறது. சமையலறை அடுப்பும் மற்ற பதார்த்தங்களுக்குக் காலியாகக் கிடைக்கிறது.

சாரணர் முகாம்களில் இது பழைய வித்தை. பையன்களுக்கு நெருப்பு, அப்பாக்களுக்கு ஒரு காட்சி, அம்மாக்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. முகாமில் கற்றவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு வீரமும் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் சமைத்தேன் என்று சொல்லிக்கொள்வதில் கிடைக்கும் சுகம், ஓவன் குமிழைத் திருகியவனுக்குக் கிடைக்காது.

இந்தச் சுகத்தின் மேல் அமெரிக்க வேளாண்மைத் துறை தண்ணீர் ஊற்றுகிறது. அத்துறையின் உணவுப் பாதுகாப்புப் பிரிவு, இறைச்சியைப் புகையில் வேகவைப்பவர்களுக்குத் தரும் அறிவுரையில் நேராகவே சொல்கிறது: துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி போன்ற, சமையலுக்கென்று செய்யப்படாத தற்காலிகக் கலங்களைப் பயன்படுத்தாதீர்கள், ரசாயன எச்சம் உணவில் சேரலாம். முப்பது வருஷமாக இப்படித்தான் தின்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது கொல்லைப்புறத்தின் பதில்.

இரண்டு பேச்சுமே அரைகுறை. அரசாங்கம் காரணத்தை விரிக்காமல் வேண்டாம் என்கிறது. கொல்லைப்புறமோ அதிர்ஷ்டத்தை ஆதாரம் என்று நினைத்துக்கொள்கிறது. தொட்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பது தெளிவாகும். பலரும் பயப்படுவது தவறான இடத்தில் என்பதும் தெரியும்.

வெள்ளைப் புகை

நம் ஊரில் ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. பைப் என்று சொல்கிறோமே, அதே சரக்குதான் இந்தத் தொட்டியும். இரும்புத் தகட்டை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுப்பார்கள். மேலே பூப்பூவாகத் தெரியும் அந்த வெள்ளிப் பளபளப்புதான் துரு பிடிக்காமல் காக்கிறது. மழையில் நனைவதற்கும் குப்பையைத் தாங்குவதற்கும் பூசிய பூச்சு அது. நெருப்பில் இருக்க வேண்டும் என்று யாரும் நினைத்துப் பூசவில்லை. தொடர்ந்து 200 டிகிரிக்கு மேல் சூடுபடும் இடங்களில் இந்தப் பூச்சை நம்ப வேண்டாம் என்று பூச்சுத் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால் அடுக்கடுக்காகப் பிரிந்து உரியத் தொடங்கும்.

கனிந்த கரியின் சூடு 600, 700 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். துத்தநாகம் உருகுவது 419.5 டிகிரியில். கொதிப்பது 907-ல் என்றாலும், உருகிய துத்தநாகம் அதற்கு வெகு முன்பிருந்தே ஆவியாகிக் கசியும். அந்த ஆவி காற்றுப் பட்டதும் ஆக்சைடாகி வெள்ளைப் புகையாக மிதக்கும். கரியை நேரடியாகச் சுமக்கும் தொட்டியின் உச்சியும் அடிவிளிம்பும்தான் இந்த ஆபத்தின் இடங்கள். நடுப்பக்கச் சுவர் அவ்வளவு சூடாவதில்லை. அவ்வளவு சூடானால் உள்ளே வான்கோழி கரிக்கட்டையாகியிருக்கும்.

இந்தப் புகையைப் பற்றி வெல்டிங் பட்டறைகளுக்கு நன்றாகத் தெரியும். ஜி.ஐ. பைப்பை முகமூடி இல்லாமல் பற்றவைத்தவனுக்கு அன்று மாலையோ இரவோ குளிர் நடுங்கிக் காய்ச்சல் வரும். வாயில் உலோகச் சுவை, தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. உலோகப் புகைக் காய்ச்சல் என்று மருத்துவம் சொல்கிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கிவிடும். தினமும் புகையில் நிற்பவனுக்கு உடம்பு பழகிப்போகும், ஞாயிறு ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போய் மறுநாள் வேலைக்குப் போனதும் மறுபடி காய்ச்சல் அடிக்கும். அதனால்தான் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று ஒரு பட்டப்பெயர். அமெரிக்கத் தொழிற்சாலைச் சட்டத்தில் துத்தநாக ஆக்சைடு புகைக்கு வரம்பே உண்டு: எட்டு மணி நேர வேலையில், ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சராசரியாக 5 மில்லிகிராம்.

ஆக, புகையால் முதலில் பாதிக்கப்படக்கூடியவர் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவர் இல்லை, தொட்டிக்கு அருகில் நின்று கரியைக் கிளறுபவர். சில சாரணர் தலைவர்கள், சமைக்கும் முன் வெறும் தொட்டியை ஒருமுறை நெருப்பில் வாட்டி, பூச்சை எரித்துவிடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அது கொஞ்சம் நல்லதாக இருக்கலாம். ஆனால் மொத்தப் புகையையும் ஒரே மூச்சில் கிளப்பும் வேலை அது. பக்கத்தில் ஏழெட்டுப் பையன்களை நிறுத்திக்கொண்டு செய்யக்கூடியது அல்ல. வாட்டிய பிறகும் எவ்வளவு பூச்சு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

புளிப்புதான் எதிரி

துத்தநாகம் உணவில் கலப்பதற்கு இதைவிட எளிதான வழி ஒன்று இருக்கிறது. அதற்கு நெருப்பே வேண்டாம், புளிப்பு போதும். நம் பாட்டிமார்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிவிடும் என்பதால்தான் தெருவில் ஈயம் பூசுகிறவர் குரல் கேட்டதும் பாத்திரங்கள் வாசலுக்கு வந்தன. துத்தநாகம் செம்பைக் காட்டிலும் சீக்கிரமாகப் புளிப்பில் கரைகிற உலோகம். எலுமிச்சைச் சாறு, தக்காளி, வினிகர், தயிர், எதுவானாலும் சரி.

1964-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், ஜி.ஐ. கலங்களால் கூட்டமாக நேர்ந்த இரண்டு நச்சு நிகழ்வுகள் பதிவாயின. ஒன்றில் தக்காளி சேர்த்த கோழி உணவு, மற்றொன்றில் விருந்துக்குக் கலக்கிய பழரச மது. சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். துத்தநாகம் உடம்புக்குத் தேவையான சத்துதான், நாளைக்கு 8 முதல் 11 மில்லிகிராம் வேண்டும். 40-ஐத் தாண்டித் தினமும் போகக் கூடாது என்பது கணக்கு. ஒரே வேளையில் சில நூறு மில்லிகிராம் உள்ளே போனால் வயிறு உடனே திருப்பி அனுப்பிவிடும். புளிப்பான உணவு படும் இடத்தில் துத்தநாகம் பூசிய உலோகம் கூடாது என்று அமெரிக்காவின் மாதிரி உணவு விதித்தொகுப்பும் விலக்கியிருக்கிறது.

இப்போது தொட்டிக்கு வருவோம். கவிழ்த்த தொட்டிக்குள் வான்கோழி முளையின் மேல் இருக்கிறது. சுவரைத் தொடவில்லை, புளிப்பான சாறு எதுவும் தகரத்தில் ஊறவில்லை. உரிந்த துகள் மேலே விழலாம், ஆவி படியலாம், அவ்வளவுதான். ஆனால் அதே வீட்டில், முந்தின நாள் இரவு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். வான்கோழியை உப்புநீரில் ஊறவைப்பது அங்கே வழக்கம். உப்பு, சர்க்கரை, ஆரஞ்சு, எலுமிச்சை எல்லாம் சேர்ந்த தண்ணீர். ஏழு கிலோ பறவை முழுகும் அளவுக்குப் பாத்திரம் பல சமையலறைகளில் இருக்காது. கண்ணில் படுவது ஜி.ஐ. வாளிதான். இரவு முழுக்க அதில் ஊறுகிற பறவை, மறுநாள் இரண்டு மணி நேரம் தொட்டிக்குள் நிற்கும் பறவையைவிட அதிகத் துத்தநாகத்தை வாங்கிக்கொள்ளக்கூடும். நெருப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்த வாளியைப் பார்த்துப் பயப்படுவதில்லை. வாளிக்குள் கறுப்புக் குப்பைப் பையை விரித்துக்கொள்ளும் புத்திசாலிகளும் உண்டு. அந்தப் பையும் உணவுக்காகச் செய்ததல்ல.

அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலர் வெறும் உப்பு மிளகு போட்ட வான்கோழியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். தயிர், எலுமிச்சை, இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் தடவி ஒரு நாள் ஊறவைத்துத் தந்தூரியாக்குவார்கள், இல்லையென்றால் பிரியாணி. சுவையில் அமெரிக்கர்களை எளிதாக வென்றுவிடலாம். ஆனால் ஊறவைக்கும் கலத்தைப் பொறுத்தவரை இவர்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும், மசாலாவில் பாதி புளிப்பு. ஜி.ஐ. வாளியும் வேண்டாம், மெல்லிய அலுமினியத் தட்டும் வேண்டாம். எவர்சில்வர் அண்டா, உணவுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் பை, கண்ணாடிக் கிண்ணம், இவற்றில் எது கிடைத்தாலும் சரி.

தகரத்தைவிட மோசமானவை

தகரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவை தப்பித்துவிடும். உதாரணம், அந்த முளை. வீட்டின் பின்புறத்தில் கிடந்த மரத்துண்டைச் செதுக்கி நடுவார்கள். அது பழைய வேலியிலிருந்தோ கொல்லைப்புற மரத்தளத்திலிருந்தோ பெயர்த்ததாக இருந்தால், கரையான் அரிக்காமல் இருக்க ஆர்செனிக், குரோமியம், செம்பு மூன்றும் ஏற்றிய மரமாக இருக்க வாய்ப்புண்டு. வீட்டு உபயோகத்துக்கு அப்படிப்பட்ட மரத்தைத் தயாரிப்பது அமெரிக்காவில் 2003 முடிவோடு நின்றது. அதற்கு முன் போட்ட வேலிகள் இன்னும் நிற்கின்றன. ஆர்செனிக் ஏற்றிய கழியை இறைச்சியின் வயிற்றுக்குள் செருகிச் சூடாக்குவதோடு ஒப்பிட்டால் துத்தநாகம் பரம சாது.

பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்பித் தட்டைக் கழற்றி கிரில்லாக்குவது இன்னொரு கைவேலை. பழைய தட்டுகள் சிலவற்றில் காட்மியம் முலாம் உண்டு. காட்மியம் 321 டிகிரியிலேயே உருகிவிடும். அதன் புகை துத்தநாகப் புகையைப் போல ஒரு நாள் காய்ச்சலோடு விடாது, நுரையீரலை வேகவைத்து ஆளையே கொல்லக்கூடியது.

200 லிட்டர் எண்ணெய்ப் பீப்பாய்க்கு மட்டும் ஒரு மரியாதை உண்டு. ஜமைக்காவின் தெருவோரங்களில் அதை நெடுக்காகப் பிளந்து செய்த அடுப்பில்தான் ஜெர்க் சிக்கன் வேகிறது. பீப்பாயின் இரும்பில் குறை ஒன்றுமில்லை. முன்பு உள்ளே என்ன இருந்தது, உட்சுவரில் என்ன பூசியிருக்கிறது என்பவைதான் கேள்வி. பல பீப்பாய்களின் உட்புறத்தில் எப்பாக்சி போன்ற பிசின் பூச்சு இருக்கும். அதை எரித்து, சுரண்டி, வெறும் இரும்பு தெரியும்வரை விடக் கூடாது. எரிபொருளோ கரைப்பானோ இருந்த பீப்பாயை, காலிதானே என்று கேஸ் கட்டரால் வெட்டப் போய் வெடித்துச் செத்தவர்கள் உண்டு. காலிப் பீப்பாய்க்குள் ஆவி நிறைந்திருக்கும்.

இவற்றோடு வைத்துப் பார்த்தால், கொதிக்கும் எண்ணெய் அண்டாவில் முழு வான்கோழியை இறக்கும் லூசியானா பாணி ஆபத்தில் எங்கேயோ உயரத்தில் நிற்கிறது. உள்ளே பனிக்கட்டி மிச்சமிருந்தால் தண்ணீர் நொடியில் ஆவியாகி 1,700 மடங்கு விரியும், எண்ணெய் அண்டாவைவிட்டுத் தாவி அடுப்பில் விழும். சமையலால் வீடு பற்றிக்கொள்ளும் நாட்களில் தேங்க்ஸ்கிவிங்தான் ஆண்டிலேயே முதலிடம் என்று அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் சொல்கிறது. அந்த எண்ணெய் அண்டாவையே பயன்படுத்த வேண்டாம் என்பது அவர்கள் கட்சி.

கண்ணுக்குத் தெரியாத பறவை

இவ்வளவுக்கும் பிறகு என் கவலை உலோகத்தின் மேல் இல்லை. தொட்டி எதனால் ஆனது என்பதைவிட, தொட்டி மூடியிருக்கிறது என்பதுதான் பெரிய சங்கடம்.

ஓவனில் கதவைத் திறந்து பார்க்கலாம், கம்பி தெர்மாமீட்டரைக் குத்தலாம், போதவில்லையென்றால் மறுபடி மூடலாம். தொட்டியில் ஒரே ஒரு முறைதான். நெருப்பைக் குவித்தாயிற்று, இரண்டு மணி நேரம் என்று யாரோ சொன்னார்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அன்று காற்று பலமாக அடித்தால் கரி வேகமாக எரிந்து தீரும், தரை பனியில் உறைந்திருந்தால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து கிலோ பறவைக்குச் சொன்ன நேரம் ஒன்பது கிலோவுக்குப் போதாது. கடிகாரத்துக்கு இதெல்லாம் தெரியாது. தொட்டியைத் தூக்கும்போது மேல்தோல் பொன்னிறத்தில் மின்னும். தொடையின் உள்மடிப்பு அரைவேக்காட்டில் இருக்கும்.

வான்கோழியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்கு அஞ்சித்தான் வேளாண்மைத் துறை ஓர் அளவு வைத்திருக்கிறது: தொடையின் மிக உள்ளே, இறக்கையின் உள்ளே, நெஞ்சின் தடித்த இடத்தில், மூன்றிலும் 74 டிகிரி செல்சியஸ். முன்பு நெஞ்சுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று என்று இருந்த கணக்கை 2006-ல் ஒரே எண்ணாக்கினார்கள். நிறத்தை நம்பக் கூடாது. புகைபட்ட இறைச்சி முழுக்க வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகத் தெரியும். வேகாத இறைச்சியும் சில நேரம் வெளுத்திருக்கும்.

பாதிக் குற்றம் நெருப்பு மூட்டுவதற்கு முன்பே நடந்திருக்கும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கல்லாய் உறைந்த பறவை. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவைக்க, இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் பிடிக்கும். ஏழு கிலோ என்றால் ஞாயிற்றுக்கிழமையே வெளியே எடுக்காவிட்டால் வியாழக்கிழமைக்கு ஆகாது. மறந்துபோனவர்கள் குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். அரை கிலோவுக்கு அரை மணி நேரம் என்பது அதன் கணக்கு. பட்டர்பால் நிறுவனம் 1981-ல் ஆறு மனையியல் நிபுணர்களை உட்காரவைத்துத் தொடங்கிய வான்கோழி உதவித் தொலைபேசிக்கு இன்றும் அதிகம் வருவது உருகவைப்பது பற்றிய கேள்விதான் என்கிறார்கள். நடுவில் பனிக்கட்டி இருக்கும் பறவையைத் தொட்டிக்குள் வைத்தவருக்கு அது கடைசிவரை தெரியவே தெரியாது.

நீண்ட கம்பி வைத்த தெர்மாமீட்டர் இதற்குப் பெரிய உதவி. நுனியைத் தொடையில் எலும்பு படாமல் குத்தி, கம்பியைத் தொட்டியின் விளிம்புக்கு அடியில் மண்ணைச் சற்றே தோண்டி வெளியே இழுத்துவிட்டால், கரியை ஒதுக்காமலே உள்சூடு தெரியும். அந்த இடத்தில் மட்டும் கரி போடாமல் விட வேண்டும், இல்லையென்றால் கம்பி கருகிவிடும். பெரிய விலையில்லாத ஒரு கருவி. குப்பைத் தொட்டிக்கும் கரிக்கும் செலவழிப்பவர்கள் இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பார்கள்.

மிதவையிலிருந்து வந்த அடுப்பு

கையில் கிடைத்ததைக் கொண்டு அடுப்பு செய்வதே தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1952-ல், சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் ஜார்ஜ் ஸ்டீஃபன். ஏரியில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளுக்கான உருண்டைகளை அங்கே தகட்டில் செய்தார்கள். வீட்டுத் திறந்த கிரில்லில் காற்றும் மழையும் படுத்திய பாட்டில் சலித்துப்போன அவர், அந்த உருண்டையை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியைக் கிண்ணமாக்கி, மேல்பாதியை மூடியாக்கி, கால் வைத்தார். இன்று உலகமெங்கும் விற்கும் வெபர் கெட்டில் கிரில் அதுதான். அன்றைக்கு அதுவும் சமையலுக்குச் செய்யாத உலோகம்தான்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. காற்று உள்ளே போகவும் வெளியே வரவும் திறந்து மூடும் துளைகள் வந்தன. பிறகு உட்புறமும் வெளிப்புறமும் பீங்கான் எனாமல் பூச்சு வந்தது. எனாமல், இரும்போடு கண்ணாடியை உருக்கி ஒட்டிய பூச்சு, கரியின் சூட்டில் ஆவியாகாது. மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கலாம், கரி சிதறாது. குப்பைத் தொட்டிக்கு இந்த மூன்றும் இல்லை: சூட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, பூச்சு நெருப்புக்கானதல்ல, பாதியில் திறக்க முடியாது. முழு வான்கோழி தாராளமாகக் கொள்ளும் மூடி போட்ட கிரில் இருக்கிறவர்கள் தொட்டியைத் தேடிப் போக ஒரே ஒரு காரணம்தான் மிச்சம், அந்த வீரம்.

அதற்காகவே செய்வேன் என்கிறவரைத் தடுக்க முடியாது. பூச்சில்லாத எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்துச் செய்யட்டும். கடையில் எவர்சில்வர் குப்பைத் தொட்டி என்று விற்பதில் அரக்குப் பூச்சும் பிளாஸ்டிக் வளையமும் இருக்கும், முதலில் அவை போக வேண்டும். முளைக்கு இரும்புக்கம்பி என்றால் ஜி.ஐ. கம்பியும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் ஊற்றிக் கரியைப் பற்றவைத்தால், கரி வெளுத்துச் சாம்பல் போர்த்தும்வரை காத்திருந்துதான் தொட்டியைச் சுற்றிப் போட வேண்டும்.

நவம்பர் கடைசியில் குளிர் கடிக்கிறது என்று எல்லாவற்றையும் கார் ஷெட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகிற ஆசை எல்லோருக்கும் வரும். கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கும். வாசனையில்லை, புகையில்லை, கதவைத் திறந்துவைத்தாலும் போதாது. அபார்ட்மெண்ட் பால்கனிக்கும் இதே பேச்சுதான். வெளியில், காய்ந்த புல் இல்லாத மண் தரையில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்ய வேண்டிய வேலை இது.

தொட்டியைத் தூக்குவது இரண்டு பேர் வேலை. முதலில் உச்சியிலுள்ள கரியை மண்வெட்டியால் வாரி எடுத்து, அடியில் குவிந்ததை ஒதுக்கி, நீண்ட கொக்கி போட்டு நேர்மேலே தூக்க வேண்டும். சாய்த்தால் சாம்பல் முழுக்கப் பறவையின் மேல் கொட்டும். முளை சரிந்தால் ஏழு கிலோ கொதிக்கும் இறைச்சி காலடியில் விழும். வாரிய கரியை உடனே பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்காருகிறவர்கள் உண்டு. சாம்பலுக்குள் கனல் ஒரு நாளைக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

சாப்பிட்ட பிறகு மிச்சமாவது கொஞ்சநஞ்சமல்ல. அதை முழுசாக மேசையிலேயே மூடிவைத்துவிட்டுக் கால்பந்து பார்க்கப் போய்விடுவார்கள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் சமையல் சூட்டில் சாவதில்லை. 60 டிகிரிக்குக் கீழே மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் பெரிய இறைச்சித் துண்டுதான் அவற்றுக்குப் பிடித்த இடம். இரண்டு மணி நேரத்துக்குள் சதையை எலும்பிலிருந்து பிரித்து, தட்டையான கிண்ணங்களில் பரப்பி, குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். பிரியாணிக்கு அது போதும்.